வால்ட்ஸ் ஆண்ட நகரம் – 9: நீச்சல் குளத்தின் மேல் ஒரு நதி

தந்தை ஸ்ட்ராஸ் மறைந்த பிறகு, அப்பாவின் குழுவையும் தன் குழுவையும் ஒன்றாக்கிக்கொண்டு மகன் யோஹான் ஸ்ட்ராஸ் வியன்னாவின் நடன அரங்குகளைத் தன் வில்லுக்குள் கொண்டுவந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். 1863-இல் அரண்மனை நடன இசை இயக்குநர் என்ற பட்டமும் வந்து சேர்ந்தது. தம்பிகள் யோசெஃபும் எட்வர்டும் தோள் கொடுத்தார்கள். கோடை வந்தால் ருஷ்யாவின் பாவ்லோவ்ஸ்க், குளிர்காலம் வந்தால் வியன்னா என்று நாள்கள் ஓடின. எல்லாம் ஏறுமுகம். அப்போதுதான் 1866 வந்தது.

அந்த ஆண்டு ஜூலை 3. பொஹீமியாவில் கோனிக்ராட்ஸ் என்ற ஊரருகே ஆஸ்திரியப் படையும் பிரஷ்யப் படையும் மோதின. பிரஷ்யச் சிப்பாயின் கையில் பின்பக்கம் தோட்டா போடும் ஊசித் துப்பாக்கி. படுத்த வாக்கிலேயே நிரப்பிச் சுடலாம். ஆஸ்திரியச் சிப்பாயோ குழல் வாய் வழியாக மருந்தை இடித்துக்கொண்டிருந்தான். மாண்டவர், காயம்பட்டவர், பிடிபட்டவர் என்று ஒரே நாளில் ஆஸ்திரியாவின் இழப்பு 40,000-ஐத் தாண்டியது. ஏழு வாரத்தில் போர் முடிந்தது. ஜெர்மானிய அரசுகளின் கூட்டமைப்பில் பல தலைமுறைகளாகத் தலைமை இடத்தில் இருந்த ஆஸ்திரியா வெளியே தள்ளப்பட்டது. இத்தாலியில் வெனீஸும் கைவிட்டுப் போனது.

இந்தத் தோல்வியோடுதான் வியன்னா 1867-இன் களியாட்டப் பருவத்துக்குள் நுழைந்தது. ஜனவரித் தொடக்கத்திலிருந்து கிறிஸ்தவர்களின் தவக்காலம் வரை நீளும் இந்தப் பருவத்துக்கு அங்கே ஃபாஷிங் என்று பெயர். வழக்கமாக நகரில் கால் வைக்க இடமிருக்காது. தொழிலுக்கு ஒரு நடன விழா, சங்கத்துக்கு ஒரு நடன விழா. அந்த ஆண்டு பலருக்குக் கொண்டாட மனம் வரவில்லை. வியன்னா ஆண்கள் பாடகர் சங்கமும் வருடா வருடம் நடத்தும் முகமூடிக் கூத்தைக் கைவிட்டு, அடக்கமாக ஒரு பாட்டு மாலை போதும் என்று முடிவு செய்தது.

அந்தச் சங்கத்துக்கு ஸ்ட்ராஸ் ஒரு பாக்கி வைத்திருந்தார். 1865-இலேயே சங்கத்தின் இசை நடத்துநர் யோஹான் ஹெர்பெக், பாடகர்களுக்கென்று ஒரு வால்ட்ஸ் எழுதித் தரும்படி கேட்டிருந்தார். அப்போது இயலவில்லை, பிறகு பார்க்கலாம் என்று ஸ்ட்ராஸ் தள்ளிப்போட்டார். இப்போது சங்கம் மறுபடி நினைவூட்டியது. பிராட்டர் வீதி 54-ஆம் எண் வீட்டில் உட்கார்ந்து அவர் கடனைத் தீர்த்தார். அந்த வீடு இன்று அருங்காட்சியகம். ‘அழகிய நீல டான்யூபின் கரையில்’ என்ற வால்ட்ஸ் பிறந்த இடம் என்பதே அதன் பெருமை. அவருடைய படைப்புகளின் வரிசையில் அதற்கு 314-ஆம் எண்.

காவல் துறையிலிருந்து ஒரு பாடலாசிரியர்

மெட்டு தயார். வார்த்தை வேண்டுமே? சங்கத்தின் ஆஸ்தானக் கவி யோசெஃப் வைல் அழைக்கப்பட்டார். இவர் காவல் துறை அலுவலர். நகைச்சுவைப் பாட்டு கட்டுவதில் கைதேர்ந்தவர். ஆயத்தமாக இருந்த மெட்டில் சொற்களை ஏற்றுவது அவர் வேலை. அன்றைய ஊர் நிலவரத்தையே எடுத்துக்கொண்டார். வியன்னாக்காரர்களே, மகிழ்ச்சியாக இருங்கள் என்று குழுவில் ஒரு பகுதியினர் கூப்பிடுவார்கள். எதற்காம் என்று மறுபகுதியினர் கேட்பார்கள். சுற்றிலும் பாருங்கள் என்றால், ஒன்றும் தெரியவில்லையே என்பார்கள். கடைசியில், அழுது என்ன ஆகப்போகிறது, களியாட்டப் பருவம் வந்துவிட்டது, ஆடுவோம் என்று சமாதானம் ஆகும்.

இந்தப் பாட்டில் டான்யூப் நதி எங்குமே வராது. தலைப்பு வேறொரு கவிஞரிடமிருந்து வந்தது. ஹங்கேரியின் பாயா என்ற ஆற்றங்கரை ஊரில் 1817-இல் பிறந்தவர் கார்ல் பெக். தன் ஊர் நதியை அழகிய நீல டான்யூப் என்று பாடியவர் அவர். அந்தச் சொற்றொடரை ஸ்ட்ராஸ் தலைப்பாக எடுத்துக்கொண்டார். ஆக, தலைப்பு ஹங்கேரிய நதியைப் பற்றியது. உள்ளே இருந்த பாட்டு தோற்றுப்போன வியன்னாவைக் கேலி செய்வது. இசை இரண்டுக்கும் முன்பே எழுதப்பட்டது. மூன்றும் ஒரே மேடையில் ஏற வேண்டியிருந்தது.

மேடையும் விசித்திரமானதுதான். 1867 பிப்ரவரி 15, வெள்ளிக்கிழமை. இடம், டயானா குளியல் இல்ல அரங்கம். டான்யூப் கால்வாயை ஒட்டி லியோபோல்ட்ஸ்டாட் பகுதியில் 1840-களில் கட்டிய பெரிய நீச்சல் குளம் அது. தலைக்கு மேல் இரும்புக் கூரை. கோடையில் நகரம் அங்கே நீந்தும். குளிர்காலத்தில் குளத்தை மூடி மேலே தளம் போட்டு நடன அரங்காக்கிவிடுவார்கள். உலகத்திலேயே பெயர்பெற்ற நதி இசை முதல் முறை ஒலித்தது மூடிய குளத்தின் பலகைத் தளத்தின் மேல்!

பக்கவாத்தியம் வாசித்தது 42-ஆம் காலாட்படைப் பிரிவின் இசைக்குழு. அந்தப் படைப்பிரிவு ஹனோவர் அரசர் ஐந்தாம் ஜார்ஜின் பெயரைத் தாங்கியது. அதே 1866 போரில் ஆஸ்திரியா பக்கம் நின்றதற்காக ஹனோவர் நாட்டையே பிரஷ்யா விழுங்கியிருந்தது. அரசர் நாட்டை இழந்து ஆஸ்திரியாவில் அடைக்கலம் புகுந்திருந்தார். சோகத்தை மறப்போம் என்ற பாட்டுக்கு, நாடு போன ஒரு மன்னரின் பெயரிலிருந்த படை வாத்தியம். வைல் எழுதிய வரிகளை விடக் கசப்பான கேலி இது. இசையை நடத்தியவர் ருடால்ஃப் வைன்வூர்ம். ஸ்ட்ராஸ் அன்று அந்த அரங்கில் இல்லை.

தோல்வியா?

அன்றிரவு வால்ட்ஸ் மண்ணைக் கவ்வியது என்று பல புத்தகங்கள் எழுதுகின்றன. அது முழு உண்மை இல்லை. கைதட்டல் இருந்தது, மறுமுறை வேண்டும் என்று அவை கேட்டது, மறுபடி பாடினார்கள். பத்திரிகைகளும் நல்லபடியாகவே எழுதின. ஆனால் ஸ்ட்ராஸ் குடும்பத்து அளவுகோல் வேறு. ஒரு புது வால்ட்ஸை நான்கைந்து முறை திருப்பி வாசிக்க வைப்பது வியன்னாவின் வழக்கம். ஒரே ஒரு முறை என்பது அவர்கள் கணக்கில் மரியாதைக்குக் கொடுத்த கைதட்டல்தான். தம்பி யோசெஃபிடம் அண்ணன் அலுத்துக்கொண்டார் என்று ஒரு செய்தி உண்டு: வால்ட்ஸ் போனால் போகட்டும், அதன் முடிவுப் பகுதிக்காகத்தான் வருந்துகிறேன் என்றாராம். இந்த வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் எடுபடவில்லை? தோல்வியில் துவண்டிருந்த ஊர், ஆகவே ரசிக்கவில்லை என்பது பலரும் சொல்லும் காரணம். அப்படியானால் அடுத்த மாதமே அதே ஊர் எப்படி ரசித்தது? மார்ச் 10-ஆம் நாள் ஃபோக்ஸ்கார்ட்டன் பூங்காவில் ஸ்ட்ராஸின் சொந்தக் குழு அதே வால்ட்ஸை வாசித்தது. இந்த முறை பாடகர்கள் இல்லை, காவல் துறைக் கவிஞரின் வரிகளும் இல்லை. தவக்காலம் பிறந்து நான்கு நாள் ஆகியிருந்ததால் நடனத்துக்கும் ஓய்வு. உட்கார்ந்து கேட்கும் கச்சேரி. அன்று அவை அதை ஏற்றுக்கொண்டது. ஊர் மாறவில்லை, போர்த் தோல்வியும் மாறவில்லை. மாறியது இசையின் மேல் உட்கார்ந்திருந்த சுமை மட்டும்தான். பிப்ரவரியில் எல்லோர் காதும் கேலி வரிகளின் மேல் இருந்தது. மார்ச்சில் இசையின் மேல்.

ஸ–ஸ–க–ப

அந்த இசைக்குள் கொஞ்சம் நுழைந்து பார்ப்போம். அறிமுகம், ஐந்து வால்ட்ஸ், முடிவுப் பகுதி. இந்தச் சட்டம் தந்தை ஸ்ட்ராஸும் அவர் தோழர் லானரும் போட்டது. இந்தத் தொடரில் முன்பே பார்த்திருக்கிறோம். மகன் செய்தது, அந்தச் சட்டத்தின் இரு முனைகளையும் இழுத்து நீட்டியது. அறிமுகமும் முடிவும் நடனக்காரர்களுக்கான வெறும் மணியோசையாக இல்லாமல், கேட்பவர்களுக்கான இசையாக வளர்ந்தன.

தொடக்கத்தில் வயலின்கள் ஒரே ஸ்வரத்தை மெல்ல நடுங்க விடுகின்றன. அந்த நடுக்கத்தின் மேல் ஒற்றைக் கொம்பு வாத்தியம் மூன்று ஸ்வரங்களால் ஏறி, மேலே ஒரு முறை நின்று கொள்கிறது. மரக்காற்று வாத்தியங்கள் சின்னதாக இரண்டு தட்டுத் தட்டிப் பதில் சொல்கின்றன. தாளம் இன்னும் வால்ட்ஸாகவில்லை. ஆறெட்டுக் கணக்கில் நிதானமாகப் போகிறது. இதற்கு யாரும் ஆட முடியாது. இடையில் ஒரு முறை குழு முழுதும் குரல் உயர்த்தி, உடனே அடங்கிவிடுகிறது. பிறகு வால்ட்ஸ் வேகம் தலை காட்டி மறைகிறது. கடைசியில் தாழ்ந்த ஸ்வரங்கள் மூன்று மெதுவாகப் படியிறங்குகின்றன. ஒரு கணம் நிசப்தம். அதன் பிறகே உலகம் அறிந்த அந்த மெட்டு.

அந்த மெட்டை நம் ஸ்வரங்களில் எழுதினால் ஸ–ஸ–க–ப–ப. சங்கராபரணத்தின் மூன்றே மூன்று ஸ்வரங்கள். பாட்டு வகுப்பில் முதல் மாதத்திலேயே பாடக் கூடியவை. செல்லோக்களும் கொம்பும் இதைத் தாழ்ந்த குரலில் பாட, ஹார்ப் தந்திகள் துணை வர, மேல் ஸ்தாயியிலிருந்து ப–ப, க–க என்று குறும்பாக ஒரு பதில் வருகிறது. கீழே ஒரு நீண்ட ஏற்றம், மேலே இரண்டு சின்னத் துள்ளல். மறுபடி ஸ–ஸ–க–ப–ப, மறுபடி பதில். அடுத்து அதே வடிவம் ஒரு படி கீழிருந்து புறப்படுகிறது: நி–நி–ரி–த–த. இறங்கிய இடத்திலிருந்து கிளம்பி முன்னைவிட உயரத்தில் போய் நிற்பதால் இழுவிசை கூடுகிறது. கேட்பவன் இனி எங்கே இறங்கப் போகிறோம் என்று காத்திருக்கிறான். ஸ்ட்ராஸ் அவசரப்படுவதில்லை. மறுபடி ஷட்ஜமத்துக்கு வந்து, ஸ–ஸ–க–ப என்று ஏறி, இந்த முறை பஞ்சமத்தில் நிற்காமல் மேல் ஷட்ஜமத்தைத் தொடும்போதுதான் மெட்டு மலர்கிறது. ஒரே எளிய வடிவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி, தாங்கும் எல்லைவரை தள்ளிப்போட்டுப் பிறகு விடுவிக்கும் வித்தை இது. இந்த மெட்டில் வேறு ரகசியம் கிடையாது.

இதற்குச் சொல் ஏற்றினால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். மேலே துள்ளும் அந்த இரண்டு தட்டுகளில்தான் வைலின் எதிர்க்கேள்விகள் உட்கார்ந்திருந்தன. வாத்தியத்தில் குறும்புச் சிரிப்பாகக் கேட்பது, பாடகர் குழுவின் வாயில் மேடை நாடக வசனமாகிவிட்டது. வார்த்தை போன பிறகுதான் அந்தச் சிரிப்பு வெளியே தெரிந்தது.

முதல் வால்ட்ஸ் மட்டுமே நம் காதுக்குப் பழக்கம். அதற்குப் பின் நான்கு இருக்கின்றன; ஒவ்வொன்றிலும் இரண்டு மெட்டுகள். கர்நாடக இசைக்குப் பழகிய காதுக்கு இங்கே ஒரு புதுமை காத்திருக்கிறது. நம் கச்சேரியில் தம்பூராவின் ஆதார ஷட்ஜமம் கடைசிவரை அசையாது. இங்கே ஷட்ஜமமே இடம் மாறிக்கொண்டு போகிறது. டி மேஜரில் தொடங்கிய பயணம், இரண்டாம் வால்ட்ஸின் நடுவே எதிர்பாராமல் பி ஃபிளாட்டுக்குத் தாவித் திரும்புகிறது. மூன்றாவது ஜி மேஜர், நான்காவது எஃப் மேஜர், ஐந்தாவது ஏ மேஜர். ஒவ்வொரு தாவலிலும் அறைக்குள் வெளிச்சம் மாறுகிற மாதிரி இருக்கும். நான்காவதில் கொஞ்சம் காதல். ஐந்தாவதில் கிளாரினெட்டின் ஏக்கம், அதன் இரண்டாம் மெட்டில் தாளத் தகடுகளின் முழக்கத்தோடு உச்சம்.

தாளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏட்டில் எழுதியிருப்பது சமமான மூன்று தட்டு. வியன்னாக்காரர்கள் வாசிக்கும்போது மூன்றும் சமமாக விழாது. இரண்டாவது தட்டு ஒரு இமை அளவு முந்திக்கொள்ளும். மூன்றாவது தன் இடத்துக்குக் காத்திருக்கும். ஆடுகிறவர்கள் முதல் தட்டில் கால் ஊன்றி, இரண்டாவதில் சுழன்று, மூன்றாவதில் மிதப்பது இதனால்தான். எவ்வளவு முந்த வேண்டும் என்று எந்த ஏட்டிலும் குறித்திருக்காது. ஒரு மூத்த வயலின்காரர் பக்கத்தில் உட்கார்ந்து இளையவர் கற்றுக்கொள்கிற சங்கதி அது. அளந்து வாசித்தால் ராணுவ நடை ஆகிவிடும். அளவுக்கு மீறி இழுத்தால் கேலிக்கூத்தாகிவிடும்.

எதிரி நாட்டு வாத்தியக்காரர்கள்

வியன்னாவில் ஏற்பு கிடைத்தது. புகழ் கிடைத்தது பாரிஸில். 1867-இல் அங்கே உலகக் கண்காட்சி. ஸ்ட்ராஸ் புறப்பட்டார். குழுவை யார் தருவது? பிரஷ்யாவின் சைலீசியாவில் லீக்னிட்ஸ் என்ற ஊர்க்காரர் பெஞ்சமின் பில்ஸே தன் இசைக்குழுவோடு பாரிஸில் இருந்தார். அவரோடு ஸ்ட்ராஸ் கைகோத்தார். கோனிக்ராட்ஸ் நடந்து ஓராண்டு கூட நிறையவில்லை. ஆஸ்திரியரின் வால்ட்ஸை பிரஷ்ய வாத்தியக்காரர்கள் வாசிக்க, பிரெஞ்சுக்காரர்கள் கேட்டார்கள்.

ஆஸ்திரியத் தூதரின் மனைவி இளவரசி பாலின் மெட்டர்னிக் பாரிஸ் சமூகத்தில் பெரிய புள்ளி. மே 28 அன்று தூதரகத்தில் அவர் நடத்திய நடன விருந்துக்குப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனே வந்திருந்தார். ஸ்ட்ராஸின் பெயர் ஒரே இரவில் நகரின் உதட்டில் ஏறியது. ‘ஃபிகாரோ’ நாளேட்டின் வில்மெஸான் அவரைத் தூக்கிவைத்து எழுதினார். பாரிஸ் கைதட்டிய பிறகு வியன்னா தன் பிள்ளையை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கியது. உள்ளூர்க் கலைஞனுக்கு வெளியூர் முத்திரை விழுந்தால்தான் மதிப்பு என்பது எல்லா ஊருக்கும் பொது.

ஜூலை 1 அன்று நியூயார்க்கில் தியோடர் தாமஸின் குழு இதை வாசித்தது. செப்டம்பர் 21 அன்று லண்டன் கோவென்ட் கார்டனில் பாடகர்களோடு ஒலித்தது. ஸ்பினா பதிப்பகத்தின் பியானோ ஏடுகள் கண்டம் கண்டமாகப் போயின. அச்சுத் தகடுகள் தேய்ந்து தேய்ந்து புதிதாகச் செதுக்க வேண்டியதாயிற்று என்று வியன்னாவில் வெகுநாள் பேசிக்கொண்டார்கள்.

1872-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் ஸ்ட்ராஸை அழைத்தது. பேட்ரிக் கில்மோர் என்பவர் ஏற்பாடு செய்த உலக அமைதி விழா. இதற்கென்றே எழுப்பிய பிரம்மாண்ட மண்டபத்தில் சுமார் 20,000 பாடகர்கள். எங்கோ கோடியில் நிற்பவருக்கு நடத்துநரின் கை எப்படித் தெரியும்? ஆகவே துணை நடத்துநர்கள் நூறு பேர். தொடங்கச் சைகை, பீரங்கி வெடி! ஆரம்பித்துவிட்டோம், இனி எல்லோரும் ஒன்றாக முடித்தால் போதும் என்பதே அப்போது தனக்கிருந்த ஒரே கவலை என்று பின்னால் சிரித்துக்கொண்டே சொன்னார் ஸ்ட்ராஸ். நுட்பமாக ஒரு தட்டை முந்தவிடும் இசைக்குப் பீரங்கி வைத்துத் தாளம் கொடுத்த கதை அது.

இசை மேதைகளும் தலை வணங்கினார்கள். எளிதில் யாரையும் பாராட்டாத விமர்சகர் எட்வர்ட் ஹான்ஸ்லிக், ஹைடனின் ஆஸ்திரிய தேசிய கீதத்துக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பேசினார். ஸ்ட்ராஸ் குடும்பத்துப் பெண் ஒருவர் தன் விசிறியை நீட்டிக் கையெழுத்துக் கேட்டபோது, யோஹானஸ் பிராம்ஸ் இந்த வால்ட்ஸின் முதல் ஸ்வரங்களை எழுதி, துரதிர்ஷ்டவசமாக இது பிராம்ஸ் எழுதியதில்லை என்று கீழே குறித்தார். நான்கு சிம்பொனி எழுதியவர் பொறாமைப்பட்டது இந்த ஸ–ஸ–க–ப மீது.

வைலின் கேலி வரிகள் சீக்கிரமே மறந்துபோயின. சங்கத்தைச் சேர்ந்த நீதிபதி ஃபிரான்ஸ் ஃபொன் கெர்னெர்த் என்பவர் 1890-இல் புது வரிகள் எழுதினார். இம்முறை நீல டான்யூபைப் பற்றியே. இன்று பாடகர் குழுக்கள் பாடினால் அதைத்தான் பாடுகின்றன. ஆனாலும் உலகம் வாத்தியத்தோடு நின்றுவிட்டது.

1899 ஜூன் 3 அன்று ஸ்ட்ராஸ் காலமானார். ஃபோக்ஸ்கார்ட்டனில் அப்போது ஒரு கச்சேரி நடந்துகொண்டிருந்ததாம். செய்தி நடத்துநர் எட்வர்ட் கிரெம்சரின் காதுக்கு வந்தது. அவர் வாசிப்பை நிறுத்திவிட்டு, அடங்கிய ஒலியில் நீல டான்யூபைத் தொடங்கச் சொன்னார். யாரும் எதுவும் அறிவிக்காமலே கூட்டம் புரிந்துகொண்டது என்பார்கள்.

இருண்ட பக்கம்

ஒவ்வொரு புத்தாண்டுக் காலையிலும் வியன்னா ஃபில்ஹார்மோனிக் நடத்தும் கச்சேரியில் இந்த வால்ட்ஸ் இல்லாமல் இராது. நடுங்கும் வயலின் கேட்டதுமே அவை கைதட்டும். நடத்துநர் நிறுத்தி, குழுவோடு சேர்ந்து புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிவிட்டு மறுபடி தொடங்குவார். கண்ணுக்கு இனிய சடங்கு. ஆனால் அந்தக் கச்சேரி பிறந்த காலம் இனியது இல்லை. ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கியிருந்த 1939-இன் டிசம்பர் 31 அன்று, கிளெமென்ஸ் கிராஸ் தலைமையில், நாஜிகளின் குளிர்கால நிவாரண நிதிக்காக நடந்த கச்சேரிதான் அதன் தொடக்கம். ஜனவரி முதல் நாளுக்கு அது 1941-இல் நகர்ந்தது.

அதே ஆட்சிக்கு ஸ்ட்ராஸ் ஒரு தலைவலியும்கூட. அவருடைய கொள்ளுத் தாத்தா யோஹான் மிகாயேல் ஸ்ட்ராஸ் யூதராகப் பிறந்து மதம் மாறியவர். வியன்னாவின் புனித ஸ்டெஃபான் பேராலயத்தில் 1762-இல் நடந்த அவருடைய திருமணப் பதிவில் அது எழுதப்பட்டிருந்தது. ஜெர்மானிய இனத்தின் இசை என்று தாங்கள் கொண்டாடுகிறவரின் வேரில் யூத ரத்தம் என்பது வெளியே தெரியலாமா? நாஜிகள் 1941-இல் அந்தப் பதிவேட்டைப் பறிமுதல் செய்து, அந்தப் பதிவை விட்டுவிட்டுத் தயாரித்த நகலைப் பேராலயத்துக்குக் கொடுத்தார்கள். ஸ்ட்ராஸின் மெட்டு வேண்டும், முன்னோர் வேண்டாம்!

போர் முடியும் தறுவாயில், 1945 ஏப்ரல் 27 அன்று, ஆஸ்திரியா மீண்டும் தனி நாடாகத் தன்னை அறிவித்தது. தேசிய கீதம் எது? ஹைடனின் பழைய மெட்டை ஜெர்மனி எடுத்துக்கொண்டிருந்தது. அதைப் பாட முடியாது. இரண்டு நாள் கழித்து, புதிய அரசு நாடாளுமன்றக் கட்டடத்தை ஏற்றுக்கொண்டபோது வாசித்தது நீல டான்யூபைத்தான். 1946 அக்டோபரில் முறையான கீதம் வரும்வரை அந்த இடத்தை நிரப்பியதும் அதுவே. ஹான்ஸ்லிக் சொன்னது ஒன்றரை வருடத்துக்கு நிஜமாகவே நடந்தது. கீதமாக ஏற்றபோதும் யாரும் அதற்கு வரிகளைத் தேடவில்லை.

பூமிக்கு அப்பால்

1968-இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தில் விண்கலங்கள் இந்த வால்ட்ஸுக்குச் சுழல்கின்றன. அலெக்ஸ் நார்த் என்பவர் அந்தப் படத்துக்கென்றே இசை எழுதிக்கொடுத்திருந்தார். குப்ரிக் அதை ஒதுக்கிவிட்டு ஸ்ட்ராஸையே வைத்துக்கொண்டார். படத்தில் ஒலிப்பது ஹெர்பெர்ட் ஃபொன் காராயன் நடத்த, பெர்லின் ஃபில்ஹார்மோனிக் வாசித்த பதிவு. அந்தக் குழு எங்கிருந்து வந்தது தெரியுமா? பாரிஸில் ஸ்ட்ராஸுக்குத் துணை நின்ற அதே பில்ஸேயின் குழுவிலிருந்து 1882-இல் மனக்கசப்போடு பிரிந்துபோன 54 வாத்தியக்காரர்கள் தொடங்கியதுதான் பெர்லின் ஃபில்ஹார்மோனிக். நீல டான்யூபுக்குப் பாரிஸைத் திறந்துவிட்டதும், வான்வெளியைத் திறந்துவிட்டதும் ஒரே மரபுக் குழு.

1977-இல் வாயேஜர் விண்கலங்களோடு அனுப்பிய தங்க இசைத்தட்டில் இந்த வால்ட்ஸ் இடம்பெறவில்லை. அந்தக் குறையைத் தீர்ப்பதுபோல், ஸ்ட்ராஸின் 200-ஆவது பிறந்த ஆண்டான 2025-இல், மே 31 அன்று, வியன்னா சிம்பொனி குழு வாசித்த நீல டான்யூபை ஐரோப்பிய விண்வெளி முகமை ஸ்பெயினின் செப்ரேரோஸ் ஆன்டெனா வழியாக வாயேஜர்-1 இருக்கும் திசை நோக்கி அனுப்பியது. ஒளி வேகத்தில் போனாலும் அந்தக் கலத்தை எட்ட அதற்குச் சுமார் 23 மணி நேரம் பிடித்தது.

இவ்வளவு தூரம் போன இசையை நாம் எவ்வளவு கேட்டிருக்கிறோம்? கைப்பேசி மணி, விளம்பரம், கல்யாண வரவேற்பு என்று எங்கும் ஒலிப்பது முதல் வால்ட்ஸின் முதல் அரை நிமிடம். தோற்ற இரவில் ஸ்ட்ராஸ் வருந்தியதோ முடிவுப் பகுதிக்காக. அதில் மூன்றாம், இரண்டாம், நான்காம் வால்ட்ஸுகள் வரிசை மாறி எட்டிப் பார்க்கின்றன. பிறகு ஸ–ஸ–க–ப திரும்பி வருகிறது. இந்த முறை அது முழுதாக மலர்வதற்குள் பாதியில் துண்டிக்கப்பட்டு, கொஞ்ச நேரம் பழைய நினைவாக மெலிந்து, பின் திடீரென்று சிறு முரசின் உருட்டலோடு ஓடி முடிகிறது. தன் மெட்டு ஊர் வாயில் விழும் என்பது அவருக்குத் தெரியும். தன் கட்டுமானத்தை யாராவது கேட்பார்களா என்பதே அவர் சந்தேகம். வைல் எழுதிய வரிகள் 1867-இல் அதை மறைத்தன. அரை நிமிடத் துண்டு இன்று மறைக்கிறது. மொத்தம் பத்து நிமிடம்தான். இந்த வாரம் ஒரு முறை, வேறு வேலை எதுவும் செய்யாமல், கடைசி முரசு ஒலிவரை கேட்டுவிடுங்கள்.

அடுத்த வாரம்: 1873 மே 9. வியன்னாப் பங்குச் சந்தை சரிந்த நாள். அடுத்த ஆண்டே ஸ்ட்ராஸின் ‘வௌவால்’ இசை நாடகம் மேடையேறியது.

(தொடரும்)